செத்தவர் ரத்தம் பொய் சொல்லுமா?

பாம்பனிலிருந்தோ தங்கச்சிமடத்திலிருந்தோ மீன் பிடிக்கப் போன ஒருவர் கரை திரும்பவில்லை. மூன்றாம் நாள் பிரேதம் கரையில் ஒதுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை எல்லாம் முறைப்படி நடக்கின்றன. பின்னர் ரசாயனப் பரிசோதனை அறிக்கை வருகிறது: 100 மில்லி ரத்தத்தில் 60 மில்லிகிராம் ஆல்கஹால்! மோட்டார் வாகனச் சட்டப்படி 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். ஆகவே மனிதர் குடித்துவிட்டுத் தவறி விழுந்தார் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அப்படிக் கட்டினால் அவர் மனைவிக்கு விபத்து இன்ஷூரன்ஸ் பணம் வருவது சந்தேகமே. போதையில் நேர்ந்த விபத்துக்குப் பணமில்லை என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு. ஊர் வாயும் சும்மா இராது.

ஆனால், அவர் ஒரு சொட்டும் குடிக்காதவராக இருக்கலாம்.

உயிர் பிரிந்ததும் குடலிலுள்ள கிருமிகள் உடலெங்கும் பரவி, ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள சர்க்கரையைப் புளிக்க வைக்கின்றன. பானையில் கள் புளிப்பது போலத்தான். பாக் ஜலசந்தியின் வெதுவெதுப்பான நீர் இதற்கு நல்ல சௌகரியம். அழுகிய உடல்களில் 100 மில்லிகிராமுக்கு மேலும் ஆல்கஹால் காணப்பட்டதுண்டு. குழாயில் எடுத்த ரத்தத்தில் சோடியம் ஃபுளோரைடு சேர்க்காவிட்டால், அந்தக் குழாய்க்குள்ளேயே புளிப்பு தொடரும்.

உண்மையைப் பிரித்தறிய வழியில்லாமல் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் திரவத்தில் கிருமிகள் எளிதில் புகுவதில்லை, சிறுநீரும் அப்படியே. ரத்தத்தில் ஆல்கஹால் இருந்து இவ்விரண்டிலும் இல்லையென்றால், அது பெரும்பாலும் செத்த பின் விளைந்ததே. 'எத்தில் குளுகுரோனைடு' என்ற பொருளையும் தேடுகிறார்கள். உயிரோடிருக்கும்போது குடித்த ஆல்கஹாலைக் கல்லீரல் மாற்றும்போது உண்டாகும் பொருள் அது.

இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அதுவும் முதலில் சாராயச் சாவு என்று ஒப்புக்கொள்ளப்படவில்லை. மெத்தனால் வயிற்றுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. கண்ணைக் குருடாக்குவதும் உயிரைக் குடிப்பதும் அந்த அமிலமே. ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று நாள் போராடி இறந்தவரின் ரத்தத்தில் மெத்தனால் மிகச் சொற்பமாகவே மிஞ்சியிருக்கலாம். போதாததற்கு, இந்த விஷத்துக்கு எத்தில் ஆல்கஹாலையே மாற்று மருந்தாகக் கொடுப்பதுண்டு. சிகிச்சைக் குறிப்பைப் பார்க்காமல் அறிக்கையை மட்டும் படிப்பவர் என்ன நினைப்பார்?

மற்ற மருந்துகளும் செத்த உடலில் ஓரிடத்தில் அடங்கிக் கிடப்பதில்லை. இதய நோய்க்கான டிகாக்ஸின், மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின் போன்றவை தசைகளிலிருந்து கசிந்து இதய ரத்தத்தில் சேருகின்றன. டாக்டர் சொன்ன அளவிலேயே மாத்திரை சாப்பிட்ட கிழவர்கூட விஷம் உண்டவராகத் தோன்றுவார். அதனால்தான் தொடை நரம்பிலிருந்து ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். இங்கிலாந்தில் ஹெரால்டு ஷிப்மன் என்ற டாக்டர், தம் நோயாளிகள் 15 பேரைக் கொன்றதாக 2000-இல் தண்டிக்கப்பட்டார். புதைத்த உடல்களைத் தோண்டியெடுத்து, தசையிலும் கல்லீரலிலும் மார்ஃபின் கண்டார்கள். அது மட்டும் போதவில்லை. அவர் திருத்தி எழுதிய வைத்தியக் குறிப்புகளும் சேர்ந்துதான் அவரைச் சிக்க வைத்தன.

சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் 1849-லேயே ஏற்பட்டது. இத்துறையில் நாட்டுக்கே அதுதான் முன்னோடி. ராமநாதபுரத்தில் 2022 முதல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. உறுப்புகளைப் பாதுகாக்க வேண்டிய உப்புக் கரைசலுக்கும், உப்பளங்கள் உள்ள இந்த ஜில்லாவில் பஞ்சமில்லை! ஆனால் பிரேதம் எத்தனை நாள் நீரில் கிடந்தது, எவ்வளவு அழுகியிருந்தது, ரத்தம் உடலின் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்ற விவரங்கள் பாட்டிலோடு சேர்ந்து ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். கடலில் கிடந்த உடலின் கண்களை மீன்கள் தின்றிருந்தால் கண் திரவமும் கிடைக்காது. அப்போது தொடைத் தசையைத்தான் நாட வேண்டியிருக்கும்.