மேடையில் உயர்ந்த கைகள்

நல்ல முன்மாதிரியால் கல்வி புகட்டுவோம், எவரையும் ஒதுக்கோம், பொது அறநெறியைப் போற்றுவோம் என்று ஓதுகிறது இன்றைய ஒலிம்பிக் சாசனம். அழகிய சொற்கள்! அவ்வறத்தை ஒருவன் மேடையிலேயே செய்து காட்டினால் என்ன நேரும்? 1968ஆம் ஆண்டு மெக்சிகோ நகரம் விடை கூறும்.

அக்டோபர் 16. 200 மீட்டர் ஓட்டத்தை 19.83 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்தார் அமெரிக்கக் கறுப்பின வீரர் டாமி ஸ்மித். மூன்றாமவர், அவர் இனத்தவரான ஜான் கார்லோஸ். நாட்டுப்பண் ஒலிக்கையில் இருவரும் தலைதாழ்த்தி, கறுப்புக் கையுறை அணிந்த கரத்தை உயர்த்தினர். இரண்டாமவரான ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன், மனித உரிமைச் சின்னத்தை மார்பில் அணிந்து துணை நின்றார். எவரை அடித்தனர்? எதை உடைத்தனர்? ஆயினும் ஸ்மித்தும் கார்லோசும் அணியினின்று நீக்கப்பட்டனர்!

‘விளையாட்டில் அரசியல் கூடாது’ என்றார் அனைத்துலக ஒலிம்பிக் குழுத் தலைவர் ஏவரி பிரண்டேஜ். 1936இல் இட்லரின் பெர்லினுக்கு அமெரிக்க அணி சென்றே தீரவேண்டுமென வாதாடியவரும் அவரே! அங்கே நீண்ட நாஜிக் கைகள் அவர் கண்ணை உறுத்தவில்லை. நீதி கேட்டு உயர்ந்த கைகளே உறுத்தின. பாரபட்சத்திற்கு நடுநிலை என்று பெயரிட்டால் உலகம் நம்பிவிடுமா?

2005இல் அவ்விருவரும் பயின்ற சான் ஓசே பல்கலைக்கழக வளாகத்தில் அவர்கட்குச் சிலை எழுந்தது. 2012இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் கீழவை நார்மனிடம் மன்னிப்புக் கோரிற்று. அவரோ 2006இலேயே மறைந்துவிட்டார். பரிசு மேடையில் அரசியல் கருத்தைக் காட்டலாகாதென்ற தடை மட்டும் மறையவில்லை.

வெறுப்பைப் பரப்புவோரும் மேடையேறுவரே என்பர். வெறுப்பைத் தடுக்க விதி செய்க. சமத்துவம் கேட்கும் வாயை ஏன் அடைக்க வேண்டும்? அறத்தைப் பாடமாக வைப்போர், அதில் தேறியவனைத் தண்டிக்கலாமோ? தடையை நீக்குக; பின்னர் அறம் போதிக்க வருக!