பராசக்தி வசனம் வேண்டாம், தம்பி

ஆடிஷனுக்குத் தயாராகி வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் என்னிடம் முதலில் பேசிக் காட்டுவது ‘பராசக்தி’ படத்தின் நீதிமன்ற வசனம். அதை விட்டால் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. நடிப்புச் சொல்லிக் கொடுக்கிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன், இரண்டும் வேண்டாம்.

அந்த வசனங்கள்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. 1952-இல் ‘பராசக்தி’ வசனத்தைப் பேசிய சிவாஜி, சிறுவயதிலிருந்தே நாடகக் கம்பெனிகளில் ஊறியவர். கடைசி வரிசைக்கும் எட்டவேண்டும் என்று பழகிய குரல் அது. உங்களைப் படமெடுக்கும் கேமராவோ நாலடி தள்ளி நிற்கிறது. தேர்வு செய்கிறவர் காதில் சிவாஜி ஏற்கெனவே இருக்கிறார். நீங்கள் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் தேர்வு செய்கிறவருக்குத் தெரிவது மிமிக்ரிதான்.

அதற்குப் பதிலாகச் சிறுகதைகளைப் புரட்டுங்கள். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழையில் நனைந்து வந்த மகளுக்கு நேர்ந்ததை அறிந்து தாய் கொதிக்கும் இடத்தை மாணவிகளுக்குக் கொடுப்பேன். எல்லோரும் அழுகையில்தான் தொடங்குவார்கள். “பக்கத்துக் குடித்தனக்காரர் காதில் விழாதா, அம்மா?” என்பேன். உடனே குரல் இறங்கும், கண் கதவுப் பக்கம் ஓடும், அடிக்க ஓங்கிய கை பாதியில் நிற்கும். மகளை ஊர் வாயிலிருந்து காப்பாற்ற அவள் தன் அழுகையை விழுங்குகிறாள். நடிக்க வேண்டியது அதைத்தான்.

பையன்களுக்குப் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ இருக்கிறது. கடவுளிடமே சாதாரணமாகப் பேசும் மனிதர். குரலை உயர்த்த அவசியமே இல்லை. நாடகம்தான் வேண்டும் என்றால் இந்திரா பார்த்தசாரதியின் ‘ஔரங்கசீப்’.

எடுத்த பகுதியை ஒரு நிமிடத்துக்குள் வெட்டுங்கள். உங்கள் வயதுக்குப் பொருந்துகிறதா பாருங்கள். இருபது வயதுப் பையன் ‘ஔரங்கசீப்’ நாடகத்தின் முதிய ஷாஜஹானாக இரும வேண்டியதில்லை. யாரிடம் பேசுகிறீர்கள், அவரிடமிருந்து என்ன வேண்டும் என்று தெரியாமல் மனப்பாடம் செய்யாதீர்கள். செய்தால் ராகம் ஒட்டிக்கொள்ளும், பிறகு போகவே போகாது. திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலித் தமிழிலேயே பேசட்டும். வேறு வட்டாரப் பேச்சு வேண்டுமென்றால் தேர்வு செய்கிறவர்களே கேட்பார்கள்.

ஆடிஷன் நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பேசி முடித்த பிள்ளையை உடனே அனுப்பிவிடாதீர்கள். “இதையே கோபமில்லாமல் சொல்லு” என்று இன்னொரு தடவை கேளுங்கள். சொன்னதை வாங்கி மாற்றத் தெரிந்தவர் யார் என்பது அப்போதுதான் தெரியும்.

பிள்ளைகளே, இந்த வாரம் பக்கத்து நூலகத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுங்கள். வாய்விட்டுப் படியுங்கள்.