ஒரு முத்து போதாத வணிகர்கள்



விலையேறப்பெற்ற முத்தைக் கண்ட வணிகனின் உவமையை நீங்கள் நன்கு அறிவீர்கள். கையிலிருந்த சொத்தையெல்லாம் பணமாக்கி அந்த ஒன்றை அவன் வாங்கியதோடு கதை முடிகிறது. அதே போன்ற இரண்டாவது முத்தைத் தேடி அவன் மறுநாள் புறப்பட்டதாக ஆண்டவர் சொல்லவில்லை. ஒன்று கிடைத்தது; தேடல் நின்றது. இந்த வாரம் நான் எழுத விரும்புவது, முத்து கிடைத்த பின்பும் தேடல் நிற்காதவர்களைப் பற்றி. அவர்கள் தேடுவது அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு முன் செய்யப்பட்ட ஒரு வகைக் கார்களை.

"போதகருக்குக் கார்களைப் பற்றி எழுத என்ன வந்தது?" என்று சிலர் புன்னகைப்பீர்கள். நம் வாலிபர்கள் கைப்பேசியில் இக்கார்களின் களஞ்சியங்களைப் பார்த்து மலைத்துப்போகிறார்கள். வரிசையாக நிற்கும் ஒரே வகைக் கார்கள் எட்டு. அவற்றின் நடுவே கைகட்டி நிற்கும் உரிமையாளர். அந்தக் காட்சிக்கு "ஆர்வம்" என்றும் "பாரம்பரியத்தைக் காத்தல்" என்றும் பெயர் சூட்டப்படுகிறது. அந்தப் பெயர்கள் பொருத்தமற்றவை என்பது என் வாதம்.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். 1960களின் நடுவில் அமெரிக்க நிறுவனங்கள், நடுத்தர அளவுள்ள சாதாரணக் காரின் உடலில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்தி, இளைஞர் வாங்கத்தக்க விலையில் விற்கத் தொடங்கின. 1964இல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகைக்கு வழிகாட்டியாகக் கருதப்படுகிறது. இவற்றையே மசில் கார் என்கிறார்கள். இவற்றின் காலம் மிகக் குறுகியது. காப்பீட்டு நிறுவனங்கள் இளைஞர்களிடம் பெருந்தொகை கேட்டன. 1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அத்துடன் அந்த அத்தியாயம் முடிந்தது.

அந்தக் குறுகிய காலத்தில் வந்தவற்றுள் ஒன்றைச் சற்று நின்று பாருங்கள். இல்லினாய் மாநிலத்தில் லா ஹார்ப் என்னும் சிற்றூர். அங்கே ஷெவ்ரலே விற்பனை முகவராக இருந்த ஃபிரெட் கிப், 1969ஆம் ஆண்டுக் கமாரோக்களில் 50 கார்களை, இசட்.எல்.1 என்னும் தனிச்சிறப்பான எஞ்சினுடன் வரவழைத்தார். 427 கன அங்குலம், அதாவது ஏழு லிட்டர், முழுதும் அலுமினியம், பந்தயத்துக்கென்றே உருவாக்கப்பட்டது. நேர்கோட்டில் கால் மைல் ஓடும் டிராக் பந்தயத்தின் விதிப்படி, குறைந்தது 50 கார்களாவது செய்யப்பட்டிருந்தால்தான் அவ்வகை போட்டியில் அனுமதிக்கப்படும். ஆகவேதான் ஐம்பது. ஆனால் ஒரு காரின் விலை 7,200 டாலரைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கும் மேல் எஞ்சினுக்கான தொகை. வாங்க ஆளில்லை. அவர் 37 கார்களை நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பினார். வேறு முகவர்களிடம் சென்றவற்றுள்ளும் சில நெடுங்காலம் விற்காமல் நின்றன. சிலவற்றின் எஞ்சின் கழற்றப்பட்டு வேறு எஞ்சின் பொருத்தப்பட்டது. மொத்தம் செய்யப்பட்டவை 69.

அன்று எவரும் விரும்பாத அந்த 69இல் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால், பல லட்சம் டாலருக்குப் போகிறது. இதைவிட அரிதானது பிளைமவுத் நிறுவனத்தின் 1971ஆம் ஆண்டு ஹெமி குடா, மேற்கூரை மடங்கும் வகை. செய்யப்பட்டவை 11 என்பது பொதுவான கணக்கு. 2014இல் சியாட்டில் நகர ஏலத்தில் அவற்றுள் ஒன்று 35 லட்சம் டாலருக்கு விற்றது. அன்றைய நம் பணத்தில் 20 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பதினொன்றுக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைத் தமதாக்கிக்கொண்டவர்களும் இருந்திருக்கிறார்கள்.

ஒன்றை வாங்குவது எனக்குப் புரிகிறது. 1970இல் பதினாறு வயதுச் சிறுவனாக இருந்தவன், கடைக் கண்ணாடிக்குள் நின்ற காரைப் பார்த்து ஏங்கினான். அறுபது வயதில் அதை வாங்குகிறான். அவன் வாங்குவது தன் இளமையை. அது திரும்பக் கிடைக்காது என்றாலும், அந்த ஏக்கத்தைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஒருவனுக்கு எத்தனை இளமைகள் உண்டு? இரண்டாவது காரை அவன் வாங்கும்போதே அந்த விளக்கம் செல்லாததாகிவிடுகிறது.

சேகரிப்பாளர்கள் தரும் அடுத்த விளக்கம்: "ஒவ்வொன்றும் வேறு வேறு." இதில் உண்மை இல்லாமலில்லை. கிறைஸ்லர் நிறுவனக் கார்களில் முன்மூடியைத் திறந்தால் சிறு உலோகத் தகடு ஒன்று இருக்கும். நிறம், இருக்கை, கியர், கூடுதல் வசதிகள் யாவும் அதில் குறியீடுகளாகப் பொறிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் காரோடு சென்ற தயாரிப்புத் தாள், சில வேளைகளில் இருக்கையின் கம்பிச் சுருளுக்குள் கசங்கியபடி இன்றும் கிடைக்கிறது. இவற்றைக் கொண்டு கணக்கிடத் தொடங்குகிறார்கள். அந்த எஞ்சினோடு வந்தவை இத்தனை. அவற்றுள் கையால் கியர் மாற்றுபவை இத்தனை. அவற்றுள் பச்சை நிறம் இத்தனை. அவற்றுள் வெள்ளை இருக்கை ஒன்றே ஒன்று! இப்படிப் பகுத்துக்கொண்டே போனால் உலகிலுள்ள எந்தப் பொருளும் ஒன்றே ஒன்றுதான். உங்கள் வீட்டு மிதிவண்டியும்கூட. வேறுபாடு முன்பே இருந்ததால் ஆசை பிறந்தது என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆசை முன்பே இருந்தது. அதற்குக் காரணம் காட்ட வேறுபாட்டைத் தேடினார்கள் என்று நான் சொல்கிறேன்.

பணக் கணக்கும் உண்டு. அதை அவர்கள் மேடையில் பேசுவதில்லை. 2017 வரை அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 1031ஆம் பிரிவு, முதலீடாக வைத்திருந்த ஒரு காரைக் கொடுத்து அதே வகையான இன்னொன்றை வாங்கினால், ஆதாயத்துக்கான வரியைத் தள்ளிப்போட இடங்கொடுத்தது. 2018 முதல் அச்சலுகை நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மட்டுமே. வரிச்சலுகையைவிட முக்கியமானது வேறொன்று. பதினொன்றில் மூன்று ஒருவன் கையில் பூட்டப்பட்டால், மற்ற உலகம் முழுமைக்கும் எஞ்சுவது எட்டு. எட்டுக்குப் போட்டி கடுமையாகும், விலை ஏறும், ஏறிய விலை அவனுடைய மூன்றுக்கும் பொருந்தும். அரிதாக இருப்பதால் அவன் வாங்குகிறான். அவன் வாங்குவதால் அது இன்னும் அரிதாகிறது. அரிது என்பது காரின் இரும்பிலோ அலுமினியத்திலோ உள்ள குணம் அன்று. அது பிறரிடம் இல்லை என்பதற்கு இன்னொரு பெயர். எட்டு கார்களைச் சேர்த்தவன் காரை எட்டு மடங்கு நேசிக்கிறான் என்று எண்ணாதீர்கள். பிறரிடம் இல்லாமையை அவன் எட்டு மடங்கு உடைமையாக்கிக்கொண்டான்.

ஏசாயா தீர்க்கதரிசி யூதேயாவின் செல்வர்களைக் கடிந்துகொண்டது இதே இடத்தில்தான். அவர்களிடம் வீடு இருந்ததை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு, அதற்கப்பாலுள்ள வயல் என்று இணைத்துக்கொண்டே போய், மற்றவர் குடியிருக்க இடமில்லாதபடி செய்ததே குற்றம். அவர்களும் பத்திரம் எழுதிப் பணம் கொடுத்தே வாங்கியிருக்கலாம். தீர்க்கதரிசியின் கண்ணில் அது நியாயமாகிவிடவில்லை. காரும் குடியிருப்பும் ஒன்றல்ல என்பதை அறிவேன். காரில்லாமல் எவரும் தெருவில் நிற்கப்போவதில்லை. ஆயினும் கையும் மனமும் இயங்கும் முறை ஒன்றே.

இனி அவர்களுடைய வலிமையான வாதத்துக்கு வருவோம். "நாங்கள் உரிமையாளர்கள் அல்லர்; அடுத்த தலைமுறைக்காகக் காத்துவைக்கும் உக்கிராணக்காரர்கள். நாங்கள் இல்லாவிட்டால் இவை பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்." இதன் முற்பாதியை ஏற்கலாமா என்று பிறகு பார்ப்போம். பிற்பாதி ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. பனிக்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு, வடமாநிலங்களில் எத்தனையோ கார்களை அரித்துத் தின்றது. எவரும் மதிக்காத நாட்களில், தன் வீட்டுக் கொட்டகையில் இரவு இரவாகத் துருவைச் சுரண்டி, ஒரு காரை மீட்டெடுத்தவனை நான் மெய்யாகவே மதிக்கிறேன். ஆனால் இன்று எட்டாவது காரை ஏலத்தில் எடுப்பவன் எதை மீட்கிறான்? அது ஏற்கெனவே வேறொருவரால் புதுப்பிக்கப்பட்டு, பளபளப்பாக்கப்பட்டு, ஆவணங்களோடு மேடைக்கு வந்த கார். இருபது கோடி ரூபாய்ப் பொருளை எவன் பழைய இரும்புக்குப் போடுவான்? அவன் வாங்காவிட்டால் இன்னொருவன் காத்திருப்பான், அவ்வளவே.

உக்கிராணக்காரன் என்ற சொல்லை அவர்களே எடுத்ததால், அதன் அளவுகோலையும் ஏற்கவேண்டும். நம் ஆண்டவரின் உவமைகளில் உக்கிராணக்காரனிடம் கேட்கப்படுவது, எவ்வளவு பத்திரமாகப் பூட்டினாய் என்பதன்று. வீட்டாருக்கு வேளையறிந்து பங்கிட்டாயா என்பது. தாலந்தை மண்ணில் புதைத்தவன் ஒரு காசையும் இழக்கவில்லை. அவனைவிடப் பத்திரமாகக் காத்தவன் அந்தக் கதையில் இல்லை.

மண்ணில் புதைப்பதைப் பற்றி ஒரு மெய்யான செய்தி. 1957 ஜூனில் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தார், புத்தம் புதிய பிளைமவுத் பெல்வெடியர் கார் ஒன்றை, நீதிமன்ற வளாகத்தில் கான்கிரீட் அறை கட்டிப் புதைத்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து எடுத்து, 2007இல் நகரின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று மிக நெருக்கமாகக் கணித்தவருக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. அணுகுண்டையும் தாங்கும் அறை என்றார்கள். 2007 ஜூனில் திறந்தபோது தண்ணீர் உள்ளே புகுந்திருந்தது. வெளியே வந்தது சேறும் துருவும் மூடிய ஒரு கூடு. வென்றவரோ பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோயிருந்தார். இன்றைய களஞ்சியங்களில் தண்ணீர் புகாது. வெப்பமும் ஈரமும் அளந்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் காரின் நிலை என்ன? ஏலத்தில் பெருமையாக அறிவிக்கப்படுவது அது எவ்வளவு குறைவாக ஓடியிருக்கிறது என்பதே. கண்காட்சிக்கும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். ஓடினால் மதிப்புக் குறையும்! வேகத்துக்காக மட்டுமே செய்யப்பட்ட ஒரு பொருளை அசையாமல் வைத்திருப்பதே அதைக் காப்பது என்றால், காத்தல் என்ற சொல்லுக்குப் பொருள்தான் என்ன?

என்னை மிகவும் உறுத்துவது இன்னொன்று. இக்கார்களைப் புதுப்பிப்போரில் தேர்ந்தவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளி அன்று அச்சில் கிறுக்கிய வண்ணக்கோட்டையும், கவனக்குறைவால் வழிந்த பெயின்ட் துளியையும்கூட அதே இடத்தில் மறுபடியும் வரைகிறார்கள். போட்டி நடுவர்கள் அதைச் சரிபார்த்து மதிப்பெண் இடுகிறார்கள். அந்தக் கோட்டைக் கிறுக்கிய மனிதன் யார்? கமாரோக்கள் செய்யப்பட்ட ஓஹையோவின் நார்வுட் தொழிற்சாலை 1987இல் மூடப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். குடாக்கள் செய்யப்பட்ட, மிச்சிகனின் ஹாம்ட்ராம்க்கிலிருந்த டாட்ஜ் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. சேகரிப்பாளர்கள் அவற்றை மூடவில்லை. அந்தப் பழியை அவர்கள்மேல் சுமத்த மாட்டேன். ஆனால் தொழிலாளியின் கோணல் கோடு கோடிகளுக்கு விலைபோகும் உலகில், அந்தத் தொழிலாளியோ அவன் மகனோ அந்தக் காரின் கதவைத் தொட்டுப்பார்க்கவும் வழியில்லை. இளைஞன் வாங்கத்தக்க விலை என்பதற்காகவே பிறந்த கார் அது.

"அவன் பணம், அவன் விருப்பம், யாருக்கு என்ன நஷ்டம்?" என்பீர்கள். உங்களில் சிலர் இதை உறுதியாகவே நம்புகிறீர்கள் என்பதும் தெரியும். நஷ்டம் உண்டு. ஒரே காரை முப்பது ஆண்டு வைத்து, ஞாயிறு மாலைகளில் பேரப்பிள்ளைகளை ஏற்றி ஓட்டிவந்த மனிதர், விலை ஏறியபின் அதை வெளியே எடுக்கவே அஞ்சுகிறார். உரசினால் ஒரு வீட்டின் விலை போய்விடுமே! கடைசியில் விற்கிறார். வாங்குகிறவன் ஏற்கெனவே ஐந்து வைத்திருப்பவன். சாலையிலிருந்து ஒரு கார் மறைந்தது. பூட்டிய அறையில் ஒன்று கூடியது. சிலர் தம் சேகரிப்பை அருங்காட்சியகமாக்கி ஊராருக்குத் திறந்துவைத்திருக்கிறார்கள். அவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அங்கும் ஒரு வகைக்கு ஒன்று போதாதா?

அடுத்த முறை உங்கள் மகன் அந்தக் காணொளியைக் கொண்டுவந்து காட்டும்போது கைப்பேசியைத் தட்டிவிடாதீர்கள். அவனோடு உட்கார்ந்து பாருங்கள். எஞ்சினின் அழகை அவன் சொல்லக் கேளுங்கள், அது அழகானதுதான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நிற்கும் இந்த எட்டில், போன வருடம் சாலையில் ஓடியவை எத்தனை, தம்பி?