சம்பளத்தைக் கீழிருந்து ஒப்பிடுவோம்

"கவர்மென்ட் வேலையில் என்ன இருக்கு? பிரைவேட்டில்தான் திறமைக்கேற்ற சம்பளம்." இந்தப் பேச்சை விடுதி மெஸ்ஸிலும் ரயிலிலும் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களிலும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பொங்கல் நெருங்கினால் அதே வாயிலிருந்து வேறொன்று வரும்: "நம்ம வரிப்பணத்தில் இவங்களுக்கு இவ்வளவு சம்பளம், அதுக்கு மேல போனஸ் வேறயா?"

அரசுச் சம்பளம் அற்பம் என்பதும் அது அநியாயத்துக்கு அதிகம் என்பதும் ஒரே நேரத்தில் எப்படிப் பொருந்தும்? பொருந்தும், தோழர்களே. மேல்படியில் இருப்பவரைப் பற்றிப் பேசும்போது முதல் வாக்கியம். கீழ்ப்படியில் இருப்பவரைப் பற்றிப் பேசும்போது இரண்டாவது வாக்கியம். எந்தப் படியில் நின்று ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. இந்த நாட்டில் எந்தப் படியில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் சாதி தீர்மானிக்கிறது. ஆகவே சம்பள ஒப்பீடும் சாதி பற்றிய பேச்சுதான்.

இதைச் சொல்ல நான் தேவையில்லை. அரசின் ஆவணமே சொல்கிறது. 2015 நவம்பரில் அறிக்கை அளித்த ஏழாவது ஊதியக் குழு, அரசு வேலையையும் தனியார் வேலையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பணியை அகமதாபாத் ஐ.ஐ.எம். நிறுவனத்திடம் கொடுத்தது. அரசில் கடைநிலையில் இருக்கும் பொது உதவியாளர் ஒருவரின் மொத்த மாத ஊதியம் 22,579 ரூபாய். ஆய்வு செய்யப்பட்ட தனியார் நிறுவனங்களில் அதே வேலைக்கு 8,000 முதல் 9,500 ரூபாய் வரைதான். இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். மேலே போகப் போகக் கணக்கு தலைகீழாகிறது. உயர் பதவிகளில் தனியார்தான் அதிகம் தருகிறது.

இந்த ஒரு ஒப்பீட்டை இரண்டு விதமாகப் படிக்கலாம். "அரசு கடைநிலை ஊழியருக்கு அளவுக்கு மீறிக் கொடுக்கிறது" என்று ஒருவர் படிப்பார். "தனியார் கடைநிலைத் தொழிலாளியைச் சுரண்டுகிறது" என்று நான் படிக்கிறேன். 9,000 ரூபாயில் சென்னையிலோ கோவையிலோ ஒரு குடும்பம் எப்படி வாழும் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர் மட்டும் முதல் வகையில் படிக்கட்டும்.

குழு எப்படிப் படித்தது என்பதற்கு அதன் பரிந்துரையே சாட்சி. கடைநிலை அடிப்படைச் சம்பளம் 7,000 ரூபாயிலிருந்து 18,000 ஆனது, 2.57 மடங்கு. செயலாளர் நிலையில் 80,000 ரூபாய் 2,25,000 ஆனது, 2.81 மடங்கு. பதவி உயர உயரப் பொறுப்பும் உயர்கிறது என்று குழு அதற்குக் காரணம் சொன்னது. சாக்கடைக்குள் இறங்குபவரின் பொறுப்பை அளக்கும் அளவுகோல் எந்தக் குழுவிடமும் இதுவரை இருந்ததில்லை.

இப்போது எட்டாவது ஊதியக் குழு வேலையைத் தொடங்கியிருக்கிறது. தனியார் துறையில் உள்ள ஊதியத்தையும் பணிச்சூழலையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது அதன் ஆய்வு வரம்பிலேயே இருக்கிறது. எனவே இந்த விவாதம் மறுபடி வரும். அதற்கு முன் நாம் தெளிவாகிவிட வேண்டும்.

ஒரு எளிய கணக்கு போடுவோம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தேறி இளநிலை உதவியாளராகச் சேருபவரின் அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். 2025இல் இருந்த 58 விழுக்காடு அகவிலைப்படியைச் சேர்த்தால் 30,810. வீட்டு வாடகைப்படி தனி. தகுதி பத்தாம் வகுப்பு. மறுபக்கம் பொறியியல் முடித்துப் பெரிய ஐ.டி. நிறுவனத்தில் சேரும் புதியவருக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தொகை பெரிதாக நகரவில்லை. அந்த மூன்றரை லட்சத்துக்குள் நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, காப்பீட்டுத் தவணை, வரலாம் வராமலும் போகலாம் என்ற ஊக்கத்தொகை எல்லாம் அடக்கம். கைக்கு வருவது மாதம் 25,000 ரூபாயைத் தொட்டால் பெரிது. அரசு வேலையின் அடிப்படைச் சம்பளத்தை எடுத்து, தனியார் வேலையின் சி.டி.சி.யோடு ஒப்பிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் மோசடிக் கணக்கு.

2024இல் 6,244 இடங்களுக்கு அறிவிக்கப்பட்ட குரூப் 4 தேர்வுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். "சோம்பேறித்தனம், பாதுகாப்பு தேடும் மனநிலை" என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. பாதுகாப்பு தேடுவதில் என்ன கேவலம்? தாத்தாவின் நிலமும் அப்பாவின் சேமிப்பும் மாமாவின் சிபாரிசும் இருப்பவருக்கு ஒரு வேலை போனால் இன்னொரு வேலை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வேலை போனால் வீடே போய்விடும்.

திறமைக்கு மதிப்பு தனியாரில்தான் என்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளை நினைவூட்டுகிறேன். சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயர் இருந்த விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். 2012இல் எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லியில் வந்த இன்னொரு ஆய்வு, நாட்டின் முன்னணி ஆயிரம் நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைப் பார்த்தது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட இருக்கைகளில் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடியினர் இருவரும் சேர்ந்து 3.5 விழுக்காடு. ஆக, தனியார் அதிகம் தரும் மேல்படிக்குப் போகும் வழியில் நம் பெயரே தடையாக நிற்கிறது. அரசு அதிகம் தரும் கீழ்ப்படிதான் நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைத்த இடம். அந்தப் படியைத்தான் இப்போது உடைக்கிறார்கள்.

அது சட்டென்று உடையவில்லை. ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஏற்று ஒன்றிய அரசில் குரூப் டி என்ற பிரிவே நீக்கப்பட்டது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் குரூப் சி-க்கு உயர்ந்தார்கள், நல்லதுதான். ஆனால் பெருக்குவதும் துடைப்பதும் கோப்பு சுமப்பதும் காவல் காப்பதும் ஒழியவில்லை. அவை ஏஜென்சிக்குப் போயின. கட்டடம் அதே கட்டடம், வேலை அதே வேலை, செய்பவரும் பெரும்பாலும் அதே சாதி. மாறியது சம்பளமும் சம்பளம் கொடுக்கும் கையும்தான். அந்த ஏஜென்சி ஆள் எடுப்பதில் இடஒதுக்கீடு கிடையாது. அங்கே ஒடுக்கப்பட்டவர்கள் குவிந்திருப்பது ஒதுக்கீட்டால் வந்தது அல்ல, ஒதுக்கலால் வந்தது.

சென்னையில் இதைக் கண்ணெதிரே பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். சுமார் 23,000 ரூபாய் வாங்கியவர்களுக்குப் புதிய ஏற்பாட்டில் 17,000 ரூபாய்க்கும் குறைவு. பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. சமூகநீதி பேசும் ஆட்சியில்தான் இது நடந்தது என்பதை நாம் பூசி மெழுகக் கூடாது.

உள்ளாட்சிகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றித்தான் என் ஆய்வு. ஐம்பது வயதைக் கடந்த ஓர் அக்காவிடம், தனியார் ஒப்பந்தத்தில் எது பெரிய இழப்பு என்று கேட்டேன். சம்பளம் என்பார் என எதிர்பார்த்தேன். "கம்பெனி மாறிட்டே இருக்கு தம்பி. எந்தச் சீட்டைக் காட்டி பேங்க்ல லோன் கேக்குறது?" என்றார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தண்டல்காரரிடம் போயிருக்கிறார். பணிக்கொடை பெற ஐந்து ஆண்டு தொடர்ந்த பணி வேண்டும் என்பது நெடுங்காலம் இருந்த விதி. ஒப்பந்தக்காரர் மாறினால் அந்தத் தொடர்ச்சியைக் காட்டுவதே ஒரு போராட்டம். ஒரே தெருவை இருபது ஆண்டுகள் கூட்டியவரிடம், ஆவணத்தில் இருபது ஆண்டு இருப்பதில்லை. சம்பளச் சீட்டை மட்டும் பார்த்து ஒப்பிடுபவர் கண்ணில் இது படாது.

போனஸ் கதைக்கு வருகிறேன். 2025 பொங்கலுக்குத் தமிழ்நாடு அரசு சி, டி பிரிவு ஊழியர்களுக்குக் கொடுத்த மிகை ஊதியத்தின் உச்சவரம்பு 3,000 ரூபாய். தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு 1,000 ரூபாய். இதற்குத்தான் அவ்வளவு பொருமல். 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் தனியார் தொழிலாளிக்குக் குறைந்தது 8.33 விழுக்காடு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, உரிமை என்றது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவருக்கும் அது பொருந்தும். தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸும் எவர்சில்வர் டப்பாவும் கொடுத்து அனுப்பும் முதலாளியிடம் "என் 8.33 எங்கே?" என்று கேட்டவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்? அரசு ஊழியரின் 3,000 ரூபாயை எண்ணும் நாம், நம்மிடமிருந்து எடுக்கப்பட்டதை எண்ணவில்லை.

அதே பன்னிரண்டில் ஒரு பங்குக்கு இன்னொரு வரலாறும் உண்டு. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, 1943 ஆகஸ்டில், நேரடி நியமனங்களில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 1946இல் அது 12.5 ஆனது. 1912ஆம் ஆண்டுக் கணக்குப்படி சென்னை மாகாணத்தில் மக்கள்தொகையில் மூன்று விழுக்காடு அளவே இருந்த பார்ப்பனர்கள், துணை ஆட்சியர் பதவிகளில் 55 விழுக்காடு வைத்திருந்தார்கள். அப்போது அரசு உத்தியோகம் கௌரவம். நாம் உள்ளே வந்த பிறகு அது தண்டச்செலவு.

லஞ்சம் இல்லையா, அலட்சியம் இல்லையா, அரசு அலுவலகத்தில் சாதி இல்லையா? எல்லாம் இருக்கிறது. அதைக் கேட்கத் தகவல் உரிமைச் சட்டம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இனச்சுழற்சிப் பட்டியல், சட்டமன்றக் கேள்வி என்று கதவுகள் இருக்கின்றன. தனியார் நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு அறைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்க நமக்கு ஒரு சன்னல்கூட இல்லை.

அரசுக்குள்ளேயே தனியார்மயமான சம்பளமும் இருக்கிறது. அது என்னைப் போன்றவர்களுக்காகக் காத்திருக்கிறது. அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அதே வகுப்பில் அதே பாடத்தை நடத்தும் கௌரவ விரிவுரையாளருக்கு 2025இல் 25,000. பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே 50,000 வரை தரலாம் என்றது. பெயரில் மட்டும் கௌரவம் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நம் கோரிக்கை அரசு ஊழியரின் சம்பளத்தைக் குறை என்பதாக இருக்க முடியாது. நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு, அந்தப் பதவியின் குறைந்தபட்ச ஊதியத்தைத் தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2016இல் ஜக்ஜீத் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அதை ஏஜென்சித் தொழிலாளிக்கும் விரிவுபடுத்தச் சொல்வோம். அரசுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இடஒதுக்கீடு கேட்போம். எந்தப் படியில் எந்தச் சமூகத்தினர், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்பதைத் தனியார் நிறுவனங்கள் வெளியிடச் சட்டம் கேட்போம்.

அடுத்த முறை யாராவது சம்பளத்தை ஒப்பிட்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த நிலை ஊழியரைச் சொல்கிறீர்கள்?" செயலாளரையும் சி.இ.ஓ.வையும் ஒப்பிடுவது அவர்கள் கவலை. தெருக்கூட்டும் அக்காவுக்கு அரசு என்ன கொடுத்தது, ஒப்பந்தக்காரர் என்ன கொடுக்கிறார் என்பதிலிருந்து நாம் தொடங்குவோம்.