பள்ளி விழா வீடியோவுக்குப் பூட்டு எதற்கு?

ஜனவரி பிறந்தால் எங்கள் பக்கம் பள்ளி ஆண்டு விழாக்கள் வரிசைகட்டும். பேராவூரணிப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் எனக்கு முகூர்த்தங்களுக்கு அடுத்தபடி சோறு போடுவது இந்த விழாக்கள்தான். இப்போதெல்லாம் கவரேஜ் பேச வரும் பள்ளிக்காரர்கள் ரேட்டோடு ஒரு நிபந்தனையும் சேர்த்துப் பேசுகிறார்கள்: “யாரும் காப்பி எடுக்க முடியாதபடி போட்டுக் கொடுங்க தம்பி.”

கேட்பதில் நியாயம் உண்டு. கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் போய்விட்டது, துப்புரவு செய்யும் அம்மாவுக்குச் சம்பளம் தர வேண்டும், பீரோ இல்லாமல் பதிவேடுகள் மேசை மேல் கிடக்கின்றன. விழா வீடியோவைப் பென்டிரைவில் போட்டு ஆளுக்கு 200 ரூபாய் என்று விற்றால் கொஞ்சம் பணம் தேறும் என்று நினைக்கிறார்கள். நாற்பது பேர் வாங்குகிறார்கள்; அந்த வார முடிவுக்குள் நானூறு வீட்டில் அதே வீடியோ ஓடுகிறது. அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

“பூட்டித் தருகிறேன்” என்று சொல்லி ஆயிரமோ இரண்டாயிரமோ கூடுதலாக வாங்கும் தொழில்காரர்கள் இருக்கிறார்கள். நான் முடியாது என்றுதான் சொல்கிறேன். ஹாலிவுட்டாலேயே முடியாத காரியம் இது. விசிஆர் காலத்தில் மேக்ரோவிஷன் என்றொரு தடுப்பு இருந்தது. அசல் கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கு இழுத்தால் படம் ஒரு நேரம் வெளிறும், ஒரு நேரம் இருளும். அதைச் சரிசெய்யவும் ஒரு சின்னப் பெட்டி விற்பனைக்கு வந்தது. பிறகு டிவிடிக்கு சிஎஸ்எஸ் என்ற பூட்டு. 1999-இல் நார்வேயின் யோன் யோஹான்சன் என்ற பள்ளி வயதுப் பையனும் அவன் கூட்டாளிகளும் ஒரு சிறு நிரலை வெளியிட்டு அதைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் கடையில் எழுதும் டிவிடி-ஆர் தட்டிலோ அந்தப் பூட்டின் சாவி இருக்க வேண்டிய இடத்தைக் கம்பெனியே அடைத்துத்தான் அனுப்புகிறது. விரும்பினாலும் போட முடியாது. தமிழ்நாட்டில் 2004-இல் திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்திலேயே சேர்த்தார்கள். புதுப்படம் வெளியான அன்றே இணையத்தில் வருவது அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

பென்டிரைவுக்குக் கடவுச்சொல் போடலாம். வாங்கியவரே அதைத் தங்கைக்குச் சொல்வார். யூடியூபில் இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம். இணைப்பு வாட்ஸாப்பில் போய்விடும். டவுன்லோடைத் தடுத்தால் ஸ்கிரீன் ரெக்கார்டிங் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் எதையும் இன்னொரு கேமரா பிடித்துக்கொள்ளும். போன வருடம் நான் எடிட் செய்த ஒரு கரகாட்டம் எனக்கே வாட்ஸாப்பில் திரும்பி வந்தது. யாரோ டிவியில் ஓடவிட்டு செல்போனில் பிடித்திருக்கிறார்கள். டிவி கண்ணாடியில் மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, நடுவே குக்கர் விசில், பின்னாலிருந்து ஒரு பாட்டியின் குரல்: “ஏட்டி, நம்ம பாப்பா எந்தப் பக்கம்?” இரண்டு நாள் உட்கார்ந்து நான் செய்த கலர் கரெக்‌ஷன் எதுவும் அதில் மிஞ்சவில்லை. ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

சட்டப்படி தடுக்கலாமே என்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி விழா வீடியோவும் ஒரு படைப்புதான். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தைக் கையில் எடுக்குமுன் வீடியோவில் ஓடும் பாட்டு யாருடையது என்று பள்ளி யோசிக்க வேண்டும். பள்ளி நிகழ்ச்சியில் மாணவர்களும் ஆசிரியர்களும் பாடுவதும் இசைத்தட்டைப் போடுவதும், பார்ப்பவர்கள் பெற்றோரும் பள்ளியைச் சார்ந்தவர்களுமாக இருக்கும்வரை, குற்றமில்லை என்று 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அந்த விலக்கு மேடையோடு சரி. அதே சினிமாப் பாட்டோடு வீடியோவை விலைக்கு விற்பதற்கு அது பொருந்தாது. யூடியூபில் ஏற்றிய விழா வீடியோவில் பாட்டு வரும் இடம் ஊமையாகிப்போன அனுபவம் பல பள்ளிகளுக்கு இருக்கும். தன் பாடல்களை மேடையில் பாடக் கூடாது என்று 2017-இல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கே இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. ஊரான் பாட்டை வைத்து எடுத்த வீடியோவை “எங்கள் சொத்து, காப்பி எடுக்காதே” என்று பெற்றோரிடம் சொல்லப் பள்ளிக்கு வாய் வருமா?

ஆகவே என் கட்சி இதுதான்: வீடியோ நகலாகும். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு திட்டம் போடுங்கள். நகலானால் நஷ்டம் வரும் வழியில் பணம் திரட்டாதீர்கள்.

பள்ளிக்குப் பணம் கொடுக்க இந்த மண்ணுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. 1950-களின் கடைசியில் காமராசர் முதல்வராகவும் நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை என்று மக்கள் கொட்டிக் கொடுத்தார்கள். இன்றும் கிராமங்களில் தாம்பாளம் ஏந்தி, மேளம் முழங்க, நாற்காலியும் பீரோவும் சுமந்து பள்ளிக்குக் ‘கல்விச் சீர்’ கொண்டுபோகிறார்கள். எங்கள் பகுதியில் ஆடி மாதம் பிறந்தால் மொய் விருந்து. கறிச்சோறு போட்டு, நோட்டுப் போட்டு எழுதி, ஒரே பகலில் லட்சங்கள் புரளும். விழுப்புரம் பக்கம் பங்குனி உத்திரத் திருவிழாவில் வேலில் செருகிய எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் ஏலம் போகிறது. அந்தப் பழத்தைப் போல் இன்னொன்று சந்தையில் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் என்று ஏலம் கேட்பவருக்குத் தெரியாதா? எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெரிந்தால் நம் ஆட்கள் கொடுக்கிறார்கள். 200 ரூபாய்ப் பென்டிரைவ் என்று நீட்டும்போதுதான் பேரம் பேசத் தோன்றுகிறது.

விழாவுக்கு ஒரு மாதம் முன்பே “மோட்டாருக்கு இவ்வளவு தேவை, இதுவரை சேர்ந்தது இவ்வளவு” என்று பள்ளி வாசலில் போர்டு வையுங்கள். ஒரு நடனம் முடிந்து அடுத்த குழு உடை மாற்றி வரும்வரை மேடை காலியாகவே கிடக்கும். அந்த இடைவெளிகளில் ஊர்க் கடைகளின் விளம்பர ஸ்லைடு ஓடட்டும். தேங்காய் மண்டி, நகைக்கடை, உரக்கடை, துணிக்கடை என்று இருபது கடை ஆளுக்கு ஆயிரம் தந்தால் 20,000 ரூபாய். ஒரு பெற்றோரிடமும் கைநீட்ட வேண்டாம். வீடியோவிலும் அந்த ஸ்லைடுகள் இருக்கும். கடைக்காரருக்கு நகல் பெருகப் பெருக லாபம். வீட்டுக்கு ஒரு பிரதியை இலவசமாகவே கொடுத்துவிடலாம்.

பணம் பள்ளியின் வங்கிக் கணக்குக்கு மட்டும் வர வேண்டும். எந்த ஆசிரியரின் ஜிபே எண்ணுக்கும் போகக் கூடாது. கட்டாய நன்கொடை என்ற பேச்சே வரக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009 அதைத் தடுத்திருக்கிறது. வரவு செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்துவிட்டால் அடுத்த வருடம் கேட்காமலே கொடுப்பார்கள்.

பூட்டு பலிக்காது என்பதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் நடனத்தை யாரோ பத்து நொடி வெட்டி, வேறொரு பாட்டைச் சேர்த்து ரீல்ஸில் போட்டுவிட்டான். கீழே வந்த கமெண்டுகளை இங்கே எழுத முடியாது. அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை மேடை ஏறவில்லை, வீட்டில் விடவில்லை. பள்ளிக்கு அதில் பைசா நஷ்டமில்லை, அதனால் எந்தக் கூட்டத்திலும் அது பேசப்படவும் இல்லை.

நகலைத் தடுக்க முடியாது என்றால் எடுக்கும்போதே கவனம் வேண்டும். மேடைக்குக் கீழிருந்து மேல்நோக்கி வைக்கும் கேமரா கோணம் பெண் பிள்ளைகள் ஆடும்போது கூடவே கூடாது. ஒப்பனை அறைக்குள் கேமராவோ செல்போனோ நுழையக் கூடாது. திரையில் பெயர், வகுப்பு, ஊர் மூன்றையும் சேர்த்துப் போடாதீர்கள். பொதுவில் யூடியூபில் ஏற்றியே தீர வேண்டும் என்றால் குழந்தைகளுக்கான வீடியோ என்று குறியுங்கள். கமெண்ட் பகுதி மூடிக்கொள்ளும். 18 வயது நிரம்பாதவர்களின் தனிப்பட்ட தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கட்டும், டைரியில் ஒரு கையெழுத்து வாங்குவதில் என்ன சிரமம்? என்னைப் போன்றவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஸ்டூடியோக்களின் ஹார்ட் டிஸ்கில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வருடக்கணக்கில் கிடக்கிறார்கள். பிரதியை ஒப்படைத்த மூன்று மாதத்தில் ஒரிஜினல் ஃபுட்டேஜை அழித்துவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன். போட மறுப்பவருக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போதும். ஒன்று: விழா வீடியோவை விற்பதில்லை, நிதியை விழாவுக்கு முன்பே திரட்டுவது. இரண்டு: பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எந்தப் பிள்ளையின் முகத்தையும் பொதுவெளியில் ஏற்றுவதில்லை. முதல் தீர்மானத்தால் மோட்டார் வரும். இரண்டாவது இருந்தால் பிள்ளைகளை மேடையேற்றப் பெற்றோர் தயங்க மாட்டார்கள்.