ஜெர்மன் ஸ்க்ரூவாம்!

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நான்கு வருடம் முன்பு கீழ்க்கடைவாயில் எனக்குப் பல் இம்ப்ளாண்ட் வைத்தார்கள். "ஜெர்மன் சார், ஆயுள் கேரண்டி" என்றார்கள். தலையாட்டினேன். போன மாதம் பல் ஆட ஆரம்பித்தது. போய்ப் பார்த்தால் அந்த கிளினிக்கே இல்லை! வேறொரு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "எலும்புக்குள் ஸ்க்ரூ நன்றாக இருக்கிறது ஐயா, மேலே இருக்கும் பல்தான் கழன்றிருக்கிறது. எந்தக் கம்பெனி? அதற்கேற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டுமே" என்றார். எனக்குத் தெரிந்தது 'ஜெர்மன்' மட்டும்.

நாட்டின் பெயர் ஒரு தகவலா? டைட்டானியத்தின் தாதுவை நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே எடுக்கிறார்கள். கேட்க வேண்டியது, அது சுத்த டைட்டானியமா, அலுமினியமும் வனேடியமும் கலந்ததா, ஜிர்கோனியாவா, அதன் மேற்பரப்பை என்ன செய்திருக்கிறார்கள் என்பது.

ஸ்வீடனில் பிரானெமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்தது கடைந்தெடுத்த ஸ்க்ரூ. எலும்பு பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் காத்திருந்தார்கள். பிற்பாடு வந்தவர்கள் அதன்மேல் பொடித்துகளை வேகமாக அடித்து, அமிலத்தில் முக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சொரசொரப்பாக்கினார்கள். டேனரியில் பிக்கிள் போடுகிற கந்தக அமிலம் இதற்கும் பயன்படுகிறது. எலும்பு நன்றாக இருந்தால் இப்போது ஆறு, எட்டு வாரத்திலேயே பல் மாட்டுகிறார்கள். அதற்காக, சொரசொரப்பு கூடக்கூட நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈறு இறங்கினால் கிருமியும் அந்தச் சொரசொரப்பில்தான் ஒட்டும். பீடி, சிகரெட்காரர்களுக்கு இன்னும் ஆபத்து.

ஆம்பூர்க்காரன் தோலை ஒருமுறை தடவியே ரகம் சொல்லிவிடுவான். தன் தாடையில் இறங்கும் உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான்!

"டாக்டரைக் கேள்வி கேட்கலாமா சார்?" என்கிறீர்கள். கேள்வி கேட்டதற்காக யாரையாவது அடித்திருக்கிறேனா? வாய்ப்பாடு தெரியாததற்குத்தான் அடித்தேன். (அதுவும் தப்புதான்.)

இம்ப்ளாண்ட் பெட்டியில் கம்பெனி, மாடல், அளவு, லாட் எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்குப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரை அந்த டாக்டர் மூன்று வாரமாகத் தேடுகிறார். அதுவரை யாரும் பிரியாணிக்குக் கூப்பிட வேண்டாம்.