தண்ணீர் கட்டாத கொடி



கல்முனையிலிருந்து காரைதீவு வழியாக அம்பாறைக்குச் செல்லும் வீதியில் மாவடிப்பள்ளி என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே எனக்கு அறிமுகமான விவசாயி ஒருவரின் வளவில், அவருடைய பாட்டனார் காலத்து மாமரம் ஒன்று நிற்கிறது. சென்ற பருவத்தில் அது முப்பது நாற்பது காய்களுக்கு மேல் தரவில்லையாம். அதை அறுத்துவிட்டு ஒட்டுக்கன்று நடப்போவதாகவும், மரம் அறுப்பவருக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று என்றும் அவர் சொன்னார். எனக்கு உடனே ஒரு திராட்சைத் தோட்டம் நினைவுக்கு வந்தது. அது அவருடைய மார்க்கம் விலக்கிய பானத்தோடு சம்பந்தப்பட்ட கதை என்பதால் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். "குடிக்கிறத விடுங்க சேர், மரத்தப் பத்திச் சொல்லுங்க" என்றார். உங்களிடமும் அதே வேண்டுகோள். குடியினால் சிதைந்த வீடுகளை நம் பகுதியில் நாம் நிறையவே கண்டிருக்கிறோம். நான் சொல்ல வந்தது கொடியைப் பற்றி.

தென் அவுஸ்திரேலியாவில், ஈடன் பள்ளத்தாக்கு என்ற மேட்டு நிலப்பகுதியில், க்னாடன்பேர்க் என்னும் சிறிய லூத்தரன் ஆலயம் இருக்கிறது. 'கிருபையின் குன்று' என்பது அந்த ஜேர்மன் பெயரின் பொருள். பிரஷிய அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் தம் நாட்டின் சபைகளை ஒரே வழிபாட்டு முறைக்குள் கொண்டுவர முற்பட்டபோது, அதற்கு இணங்காத லூத்தரன் மக்கள் 1838 முதல் கப்பலேறி அந்நிலத்துக்கு வந்தனர். அப்படி வந்து குடியேறிய சமூகத்தார் 1860 அளவில் ஆலயத்துக்கு அருகே நட்ட திராட்சைக் கொடிகளில் ஒரு பகுதி இன்றும் காய்க்கிறது. அவற்றை அங்குள்ளோர் 'பாட்டன்மார்' என்றே அழைக்கிறார்கள்.

இக்கொடிகளுக்கு யாரும் நீர் பாய்ச்சுவதில்லை. அங்கே ஆண்டுக்குக் கிடைக்கும் மழை ஏறக்குறைய 520 மில்லிமீற்றர். நமது கரையோரத்து மழையில் மூன்றிலொரு பங்கு. அதிலும் பெரும்பகுதி குளிர்காலத்தில் பெய்துவிடும். பழம் முற்றும் கோடையில் வானம் வறண்டு கிடக்கும். காலடியில் நீர் தேங்கி நிற்கும் வயலைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது விளங்குவது கடினம். "தண்ணி கட்டாம எப்பிடி சேர் காய்க்கும்?" என்று அந்த விவசாயியும் கேட்டார்.

மேலே ஈரம் கிடைக்காத கொடி கீழே தேடிப் போகிறது. மேல்மண்ணிலேயே நீர் கிடைக்கும் கொடியின் வேர் அங்கேயே சுகமாகப் பரவி நின்றுவிடும். கிடைக்காததன் வேரோ ஆண்டுக்காண்டு ஆழமாக இறங்கி, கோடையிலும் காயாத ஈரத்தைப் போய்த் தொடுகிறது. காய்ப்பது கொஞ்சம்தான். பழமும் சிறியது. ஆனால் சிறிய பழத்தில் சாற்றின் அளவுக்குத் தோல் அதிகம். செந்நிறமும் துவர்ப்பும் மணமும் தோலிலேயே தங்கியிருப்பவை. ஆகவே கையால் பறித்து, திறந்த தொட்டியில் தோலோடு நொதிக்கவிட்டு, பின்னர் ஓக் மரப் பீப்பாய்களில் நீண்ட மாதங்கள் வைத்தெடுக்கும் இரசத்தில் அந்தச் செறிவு இறங்குகிறது. ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நேற்று நட்ட கன்றை இப்படிக் காயவிட்டால் அது செத்துப்போகும். வறட்சியே நல்லது என்று போதிப்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. வேரிறங்கும் வரை ஒருவர் குடம் சுமக்கத்தான் வேண்டும்.

1958 இல் சிரில் ஹென்ஷ்கி என்பவர் இத்தோட்டத்தின் ஷிராஸ் பழத்தை வேறெந்தத் தோட்டத்தின் பழத்தோடும் கலக்காமல் தனியே இரசமாக்கி, ஆலயத்தின் பெயரையே ஆங்கிலப்படுத்தி இட்டார். பல தோட்டத்துப் பழங்களைக் கலந்து செய்வதே வழக்கமாயிருந்த காலம் அது. இன்று அதன் ஒரு போத்தல் பல நூறு டொலர். அந்த விலை எனக்கு முக்கியமல்ல. 2000 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் அப்பெயரில் ஒரு போத்தலும் வெளிவரவில்லை என்பதே முக்கியம். 2011, அப்பிரதேசமெங்கும் குளிரும் மழையும் மிகுந்த ஆண்டு. வறட்சியைத் தாங்கிய கொடிகளைக் கொண்டவர்கள், மழை மிகுந்த ஆண்டில் 'இம்முறை இல்லை' என்றார்கள். நமது சபைகளின் ஆண்டறிக்கைகளை நான் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். 'இவ்வருடம் கனியில்லை' என்று எழுதிய அறிக்கையை ஒருமுறையேனும் வாசிக்கக் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். 1980களில் திராட்சை தேவைக்கு மிஞ்சிக் குவிந்தது. ஷிராஸை விரும்புவார் குறைந்தனர், விலை விழுந்தது. தென் அவுஸ்திரேலியாவில் கொடிகளைப் பிடுங்குவோருக்கு அரசே பணம் கொடுக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. காய்ப்புக் குறைந்த பழங்கொடிகள் ஏராளமாக அழிந்தன. கடன்பட்டிருந்த விவசாயியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் அவர் செய்தது சரியே. அந்தக் கணக்கை மட்டுமே பார்த்ததுதான் பிழை. ஐரோப்பாவின் தோட்டங்களைப் பிற்பாடு வேர்ப்பேன் அழித்தது. அதற்கு முன்னரே புறப்பட்டுவந்து, சொந்த வேரில் நின்ற கொடிகள் அவை. சில வருடங்களுக்குள் அதே பழத்துக்கு உலகமெங்கும் தேவை எழுந்தது. புதிய கன்றுகளை எத்தனையும் நடலாம். நூறு வருடத்தை எங்கே வாங்குவது? 2009 இல் பரோசாப் பகுதியினர், 35, 70, 100, 125 வருடங்கள் என வயதின்படி கொடிகளை வகுத்துப் பட்டயம் ஒன்றை ஏற்படுத்தினர். பிடுங்கியவை போக எஞ்சியவற்றுக்கு அது.

அதிகம் காய்ப்பதைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சை, 1832 இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் கொண்டுவந்தது என்பர். நீர் பாய்ச்சி வருடம் முழுவதும் அறுக்கிறார்கள். 2023 இல் அது புவிசார் குறியீடும் பெற்றது. ஏழை வீட்டுப் பிள்ளையும் கைநிறைய உண்ணக்கூடிய பழம் அது. அதன் தொண்டு வேறு. ஆனால் நாம் எல்லாவற்றையும் கம்பத்துக் கணக்கிலேயே அளக்கிறோம். பத்துப்பேர் கூடும் கிராமத்து ஜெபவீட்டை 'பயனில்லை' என்று மூடுகிறோம். முதிய உபதேசியாரை ஓரமாக இருத்துகிறோம். யோவான் 15 ஆம் அதிகாரத்தில் கிளை நறுக்கும் தோட்டக்காரரைப் பற்றிப் பிரசங்கிக்கையில், லூக்கா 13 இல் ஒரு காயாத அத்திமரத்துக்காக இன்னும் ஒரு வருடம் தவணை கேட்டவரை மறந்துவிடுகிறோம்.

விவசாயி முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்துபோய் மாமரத்தின் அடியைக் கையால் தட்டிப் பார்த்தார். "இது உள்ளுக்குக் கோறையா எண்டும் பாக்கணும்" என்றார். அது நியாயமான பேச்சு. சென்ற வாரம் அவ்வழியே போனபோது மரம் நின்றது. முற்பணத்தை அவர் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.